தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் கவனத்துக்கு

"கோடி விந்தணுக்களோட ரேஸ்ல ஜெயிச்சு வந்தவன் நீ"ன்னு இன்னைக்கும் ஒருத்தர் ரீல்ஸ்ல கத்துறார். அண்ணே, பாதி 'நான்' அப்போ கருக்குழாய்ல முட்டையா இருந்தேன், ஓடவே இல்லை!

முதல்ல போய்ச் சேர்ற விந்தணுவால பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. பெண்ணுடம்புக்குள்ள சில மணி நேரம் இருந்து பக்குவப்பட்டாத்தான் முட்டைக்குள்ள நுழையற தகுதியே வரும். வழியில கர்ப்பப்பைத் தசை வேற சுருங்கிச் சுருங்கி நகர்த்திவிடுது.

ஒண்ணு உள்ளே போனதும் முட்டை முழுக்கக் கால்சியம் அலையலையாப் பரவும். வெளியுறை இறுகிடும், மத்ததுக்கெல்லாம் நோ என்ட்ரி. முட்டை தன் கடைசி செல்பிரிவை முடிக்கறதே அதுக்கப்புறம்தான். ஜெயிச்சவர் கொண்டுவந்த மைட்டோகாண்ட்ரியாவையும் (செல்லுக்கு சக்தி தயாரிக்கற குட்டி உறுப்பு) முட்டை அழிச்சிடும். நம்ம செல்லுல ஓடுறதெல்லாம் அம்மா குடுத்தது.