நீலச் சதுரமும் எலுமிச்சைச் சாதமும்

சிங்கப்பூரில் மலை கிடையாது. இருப்பதிலேயே உயரமான புக்கித் தீமா குன்றின் உயரம் 164 மீட்டர்தான். இப்படிப்பட்ட நாட்டில் மலைச் சைக்கிள் ஓட்டினால் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது? நான் போட்ட முதல் கணக்கு இது.

கிளப்பிவிட்டவன் அக்காள் மகன். 15 வயது. "பூங்கா இணைப்புப் பாதையில் ஓட்டுவதெல்லாம் சைக்கிள் ஓட்டுவதில் சேராது மாமா" என்றான். மூன்று மாதமாக நான் தினமும் காலையில் ஓட்டிக்கொண்டிருந்தது அந்தப் பாதையில்தான். ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புலாவ் உபின் தீவுக்குப் போவதென்று முடிவாயிற்று. அவனுக்கு அவன் சைக்கிள், எனக்கு அவன் நண்பனிடம் இரவல் வாங்கிய ஒன்று. மனைவி எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தாள். "வழக்கம்போலப் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தால் இனிமேல் கட்டித் தர மாட்டேன்" என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

சாங்கி முனைப் படகுத்துறையில் கால அட்டவணை எல்லாம் கிடையாது. 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, சைக்கிளுக்குத் தனியாக 2 வெள்ளி. "சைக்கிள் என்ன, உட்கார்ந்துகொண்டா வருகிறது?" என்று முணுமுணுத்தேன். படகுக்காரர் காதில் விழுந்திருக்காது. விழுந்திருந்தாலும் தமிழ் தெரிந்திருக்காது.

உபினில் நாங்கள் தேடிப்போனது கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா. 2008இல் திறந்தது, சுமார் 10 கிலோமீட்டர் பாதை. கெத்தாம் என்றால் மலாய் மொழியில் நண்டு. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நுழைவாயில் பலகையில் நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று குறியீடுகள். சதுரம் என்றால் சாதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம் என்று அக்காள் மகன் விளக்கினான். "தொடக்கநிலைக்காரர்களுக்கு?" என்று கேட்டேன். "அதற்குப் பச்சை வட்டம். இங்கே நீலத்திலிருந்துதான் ஆரம்பம் மாமா."

முதல் ஐந்து நிமிடம் நான் ராஜா. இரண்டு பக்கமும் காடு, செம்மண் பாதை, பறவைகளின் சத்தம். முகநூலில் என்ன எழுதலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். அப்போதுதான் முதல் ஏற்றம் வந்தது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டுமாம். நான் பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டியபோது குறைத்தேன். செயின் கரகரவென்று பல்லைக் கடித்துவிட்டு நழுவியது, சைக்கிள் நின்றது, பிறகு பின்னோக்கி நகரத் தொடங்கியது. இறங்கித் தள்ளினேன். தள்ள முடியாத இடத்தில் தோளில் தூக்கினேன். படகில் 2 வெள்ளி கேட்டவரைக் குறை சொன்னேனே, இங்கே நான் இலவசமாகச் சுமந்துகொண்டிருந்தேன். கைக்கடிகாரம் அதிர்ந்தது. நான் நடந்துகொண்டிருப்பதாகத் தெரிகிறதாம், நடைப்பயிற்சி என்று பதிவு செய்யட்டுமா என்று கேட்டது. பொய் சொல்ல மனம் வரவில்லை. 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

ஏற்றமாவது பரவாயில்லை, மானம் மட்டும்தான் போகும். இறக்கம் வேறு ஜாதி. முந்தின நாள் பெய்த மழையில் மரவேர்கள் எல்லாம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கின. "சீட்டில் உட்காராதீர்கள் மாமா. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், முழங்காலை மடக்கி எழுந்து நில்லுங்கள், உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். முன்பிரேக்கை மட்டும் பிடித்துவிடாதீர்கள். முக்கியமாக, எதில் மோதக் கூடாதோ அதைப் பார்க்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு, அவன் வேர்களின் மேல் தடதடவென்று இறங்கிக் காணாமல் போனான்.

பாதையின் இடப்பக்கம் ஒரு ரப்பர் மரம் நின்றது. அதைப் பார்க்கக் கூடாது. பார்க்கவே கூடாது. மரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மரத்தைப் பார்த்தேன். கண் போன இடத்துக்குக் கை போயிற்று, கை போன இடத்துக்குச் சைக்கிள் போயிற்று. மரத்துக்கு ஒரு முழம் முன்னால் பயத்தில் பிரேக்கை இறுக்கினேன். எந்த பிரேக் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்சக்கரம் எழுந்து என்னைப் பார்த்தது. நான் பக்கவாட்டில், சரியாக நண்டு போகும் திசையில், புதருக்குள் போனேன். உபின் கருங்கல்லுக்குப் பேர்போன தீவு. ஜோகூர் கடற்பாலம் கட்ட இங்கிருந்தும் கல் போயிற்று. போனது போக மிச்சமிருந்த ஒரு கல் என் முழங்காலுக்காகவே அங்கே காத்திருந்தது.

தலைக்கவசம் இருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்காலில் சிராய்ப்பு, சட்டை முழுக்கச் சேறு. மேலே ஏறி வந்தவன் என்னை ஒரு முறை பார்த்தான், பிறகு சைக்கிளை மூன்று முறை சுற்றிப் பார்த்தான். இரவல் பொருளாயிற்றே.

ஓர் ஓரமாகப் பையை வைத்துவிட்டு, பத்தடி தள்ளி உட்கார்ந்து காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தோம். பின்னால் பிளாஸ்டிக் கிழியும் சத்தம். திரும்பினால், ஒரு காட்டுப்பன்றி. கூடவே இரண்டு குட்டிகள். உபின் பன்றிகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று தெரியும் என்பதைப் பிறகுதான் சொன்னார்கள். டப்பாவை மூக்காலேயே திறந்த நேர்த்தியைப் பார்த்தால் பல வருட அனுபவம் தெரிந்தது. விரட்டலாமா என்று எழுந்தேன். தாய்ப்பன்றி தலையை உயர்த்தி ஒரு பார்வை பார்த்தது. உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் சாதமும் வறுவலும் காலி. ஊறுகாயை மட்டும் முகர்ந்துபார்த்துத் தும்மிவிட்டு, குடும்பத்தோடு காட்டுக்குள் போயிற்று.

மீதிப் பாதையில் பாதியை ஓட்டினேன், பாதியை நடந்தேன். கறுப்பு வைரம் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதைப் பார்த்தால் அங்கே போய்விடுவேன் என்று இப்போது தெரியுமே. படகுத்துறை அருகே ஆளுக்கு இரண்டு இளநீர் குடித்தோம். திரும்பும்போது சைக்கிளுக்கு 2 வெள்ளியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் மனைவி பையை வாங்கி, டப்பாவைத் திறந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அட, ஒரு பருக்கைகூட மிச்சமில்லையே! அவ்வளவு நன்றாகவா இருந்தது?"

"தட்டையே நக்கியாயிற்று" என்றேன். அக்காள் மகன் இருமிக்கொண்டே பால்கனிப் பக்கம் போனான்.