வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4: ஞாயிறு காலை 9.30 மணியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்திய 2025 குரூப் 4 தேர்வின் முடிவு வந்துவிட்டது. "கம்பெனிக்கும் போய்க்கிட்டு, பரீட்சைக்கும் படிச்சா ரெண்டும் உருப்படாது" என்ற பேச்சை இத்தனை மாதம் கேட்டுக்கொண்டே படித்தவர்கள் பலருடைய பதிவெண்ணும் அந்தத் தரவரிசையில் இருக்கிறது. அந்த நிம்மதி ஆறுவதற்குள், அடுத்த அறிவிப்புக்குக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. பாடத்திட்டம், வயது வரம்பு, தமிழ்ப் பகுதியில் குறைந்தது 60 மதிப்பெண் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், வேலையை விடலாமா என்ற கேள்வி. தேதிகளைப் பாருங்கள். 2022இல் மார்ச் 30 அறிவிப்பு, ஜூலை 24 தேர்வு, முடிவு 2023 மார்ச் 24. 2024இல் ஜனவரி 30 அறிவிப்பு, ஜூன் 9 தேர்வு, அக்டோபர் 28 முடிவு. 2025இல் ஏப்ரல் 25 அறிவிப்பு, ஜூலை 12 தேர்வு, அக்டோபர் 22 முடிவு. முடிவுக்குப் பிறகு சான்றிதழ் பதிவேற்றம், சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று இன்னும் சில மாதங்கள். அறிவிப்பு வந்த அன்றே வேலையை விட்டாலும் படிக்கக் கிடைப்பது இரண்டரை முதல் நான்கு மாதம். சம்பளம் இல்லாமல் ஓட்ட வேண்டியது கிட்டத்தட்ட ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் வீட்டு வாடகையும் தங்கை கல்லூரிக் கட்டணமும் நிற்காது. கையில் காசில்லாத பதற்றத்தோடு புத்தகத்தைத் திறந்தால் எதுவும் மண்டையில் ஏறாது. வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கு மட்டும் விடுப்பைச் சேர்த்து வையுங்கள், அது போதும்.

இப்போது முக்கியமான ஒன்று. வேலைக்குப் போகிறவர்கள் தோற்பதற்குப் படிப்பு போதாமை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து 200 கேள்விகளை வாசித்து, 200 வட்டங்களைக் கருக்கிப் பழகாதது. பேருந்தில் பத்து நிமிடம், மதிய இடைவேளையில் இருபது நிமிடம் என்று துண்டு துண்டாகப் படித்த மூளை, தேர்வறையில் பதினொன்றரை மணிக்கு மேல் களைத்துப்போகும். அதுவரை 140 கேள்வி வந்திருப்பார்கள். அதன் பிறகு தெரிந்த கேள்வியிலும் கை தவறும். ஆகவே ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை முழு மாதிரித் தேர்வு. வாரம் ஒன்று, தவறாமல். வார நாட்களில் ஒருநாள்கூட உட்கார முடியாத வாரத்திலும் இதை எழுதுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கலாம், இதைக் கூடாது.

2025 அறிவிப்பிலிருந்து தேர்வு வரை இருந்தது 11 ஞாயிறுகள்தான். அதில் முகூர்த்தம், காதுகுத்து, மாதக் கடைசி ஓவர்டைம் எல்லாம் போனால் ஏழெட்டு மிஞ்சும். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் பழகுவதற்கு நாள் போதாது. பாதிப் பாடம்தான் முடிந்திருக்கிறது என்றாலும் இப்போதே தொடங்குங்கள். படிக்காத பகுதியில் மதிப்பெண் குறைவாக வரட்டும். உட்காரும் பழக்கம் வந்துவிடும்.

எப்படி எழுதுவது:

- ஓஎம்ஆர் தாளின் (வட்டத்தைக் கருக்கி விடை குறிக்கும் தாள்) மாதிரியை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். கைபேசிச் செயலியில் தொட்டுத் தொட்டு எழுதும் தேர்வு இதற்கு ஈடாகாது.
- கருப்பு பால்பாயின்ட் பேனா. தேர்வுக்குக் கொண்டுபோகப் போகும் அதே வகை.
- 9 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். உண்மையான தேர்வில் அதற்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள்.
- கைபேசி வேறு அறையில். மேசையில் ஒரு கைக்கடிகாரம் இருந்தால் போதும்.
- வீட்டில் இடமில்லை என்றால் பக்கத்து நூலகம் ஞாயிறு திறந்திருக்குமா என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

வட்டம் கருக்குவதை யாரும் நேரக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு வட்டத்துக்கு ஐந்து விநாடி என்றால் 200க்கு 1,000 விநாடி, ஏறக்குறைய 17 நிமிடம். 180 நிமிடத்தில் அது போனால் யோசிக்க மிஞ்சுவது 163தான். கருக்கும் நேரத்தையும் சேர்த்து இப்படிப் பிரித்தால் சரியாக வரும்:

9.30 – 10.35 தமிழ் 100
10.35 – 11.20 திறனறிவு (கணக்கு) 25
11.20 – 12.15 பொது அறிவு 75
12.15 – 12.30 விட்டவை, சரிபார்ப்பு

கணக்கை நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பொது அறிவுக் கேள்வி தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் உட்கார்ந்து யோசித்தாலும் வராது. அதை அவசரமாகவும் முடிக்கலாம். கணக்கை அவசரமாகப் போட்டால் விடை மாறும். கடைசி நேரத்துக்குத் தள்ளினால் 25இல் பத்துப் பன்னிரண்டு கைவிட்டுப் போகும். சிலர் கணக்கில்தான் தொடங்குவார்கள், அவரவர் மனசுக்கு ஏற்றபடி. ஆனால் எந்த வரிசையானாலும் தேர்வறையில் போய் மாற்றக் கூடாது, ஞாயிறுகளில் முடிவு செய்துவிடுங்கள்.

பகுதி தாண்டிப் போகும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. 37ஆவது கேள்வியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, 38இன் விடையை 37ஆவது வரிசையில் கருக்கிவிடுவது. அடுத்தடுத்த எல்லாம் ஒரு வரிசை தள்ளிப் போகும். பால்பாயின்டை அழிக்க முடியாது. இதற்கு ஒரே வழி, 10, 20, 30 என்று ஒவ்வொரு பத்திலும் கேள்வி எண்ணும் வட்ட எண்ணும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்ப்பது. விட்ட கேள்விக்கு வினாத்தாளில் எண்ணைச் சுற்றி வட்டம் போடுங்கள், ஓஎம்ஆரில் எந்தக் குறியும் வேண்டாம். மொத்த விடையையும் கடைசியில் சேர்த்துக் கருக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். வினாத்தாளில் ஒரு பக்கம் முடிந்தால் அந்தப் பக்கத்துக்குக் கருக்கிவிட்டுத்தான் அடுத்த பக்கம்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை. அதனால் "விடை தெரியவில்லை" என்ற ஐந்தாவது கட்டத்துக்குப் போக வேண்டிய தேவை அநேகமாக வராது. இரண்டு விடைகளை நீக்க முடிந்தாலே மீதி இரண்டில் ஒன்றைக் குறியுங்கள். ஆனால் எதையும் கருக்காமல் வெறுமையாக விடக் கூடாது, அதற்கு மதிப்பெண் கழியும்.

எந்த வினாத்தாளை எழுதுவது? 2022, 2024, 2025 அசல் தாள்களும் விடைக்குறிப்புகளும் தேர்வாணைய இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: 2025இல் தமிழ்ப் பாடத்திட்டம் மாறிவிட்டது. இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் தமிழ்த்தொண்டும் சேர்த்து 15. பழைய தாளில் நூல் – ஆசிரியர் பொருத்தங்களை மனப்பாடமாகப் போட்டு 90 கேள்வி சரியாக வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். இப்போதைய தாளில் அந்த மனப்பாடத்துக்கு இருக்கும் இடம் பதினைந்து கேள்வி. பழைய தாள்களை நேரப் பயிற்சிக்கு வையுங்கள், 2025 தாளை மட்டும் உங்கள் உண்மை நிலையை அளக்க வையுங்கள். அதையும் முதல் வாரமே எழுதித் தீர்த்துவிடாதீர்கள்.

எழுதி முடித்த அன்று மாலையே திருத்த வேண்டும். தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் தவறியது, நேரமில்லாமல் குருட்டாம்போக்கில் குறித்தது. முதல் வகைக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். மூன்றாவதற்கு நேரப் பிரிப்பை மாற்ற வேண்டும். இரண்டாவதுதான் வயிற்றெரிச்சல். "தவறானது எது" என்பதைச் "சரியானது எது" என்று படித்தது, கூற்று – காரணத்தில் இரண்டும் சரி என்பதோடு நிறுத்திவிட்டு காரணம் கூற்றை விளக்குகிறதா என்று பார்க்காதது, பொருத்துகவில் முதல் இணையை மட்டும் பார்த்துக் குறித்தது. ஒவ்வொரு தவறான கேள்வியையும் ஒற்றை வரியாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். வார நாட்களின் இரவுப் படிப்பு இந்த நோட்டுதான்.

வார நாட்கள்

பொது ஷிப்ட் என்றால் விடியற்காலை 5 முதல் 6.30 வரை ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதில் புரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் வையுங்கள்: இலக்கணம், கணக்கு, பொருளாதாரம். கணக்கு தினம் ஐந்து போதும், ஆனால் தினமும். ஃபார்முலாவை அடுக்குவதைவிட மனதிலேயே போடும் வழியைப் பழகுங்கள். ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 24 நாளிலும் முடிக்கும் வேலையை மொத்தம் 24 பங்கு என்று எடுத்தால், நாளுக்கு இரண்டும் ஒன்றும் சேர்ந்து மூன்று, எட்டு நாள். இரண்டு வருடத்துக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் கேட்டால், அசலை வட்டி வீதத்தால் இரண்டு முறை பெருக்கினால் முடிந்தது: 5,000 ரூபாய்க்கு 4 சதவீதம் 200, அந்த 200க்கு 4 சதவீதம் 8. வித்தியாசம் 8 ரூபாய்.

பேருந்திலும் கம்பெனி வேனிலும் புத்தகம் திறக்க முடியாது. 6 முதல் 10 வரை தமிழ்ப் புத்தகங்களில் வரும் "கலைச்சொல் அறிவோம்" பகுதிகளைப் படம் எடுத்து ஒரே ஆல்பத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கலைச்சொற்களுக்கான அந்தப் பத்துக் கேள்விக்கு இந்த ஆல்பம் கைகொடுக்கும். நின்றுகொண்டு போகிறவர்களுக்குக் காது இருக்கிறது: அரசியலமைப்பை உங்கள் குரலிலேயே பதிவு செய்து கேளுங்கள். அடிப்படை உரிமைகள் 12 முதல் 35, வழிகாட்டு நெறிமுறைகள் 36 முதல் 51, 51ஏ அடிப்படைக் கடமைகள் பதினொன்று. சொந்தக் குரலில் நாலு தடவை கேட்டால் ஒட்டிக்கொள்ளும்.

இரவு ஒன்பதுக்கு மேல் புதுப் பாடம் தொடாதீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்த கையோடும் படிக்க வேண்டாம். தூங்கி எழுந்து மதியம் படியுங்கள். கம்பெனியின் வரவு செலவுக் கணக்கு முடிக்கும் வேலை, ஏற்றுமதி பார்சல் போகும் வேலை என்றால் மாதத்தின் கடைசி வாரத்தில் தலை நிமிர முடியாது. அந்த வாரத்துக்குப் புது அலகு ஒதுக்காமல், மூன்று வாரம் படிப்பு, ஒரு வாரம் திருப்புதல் என்று மாத அட்டவணையை அமைத்தால் "பின்தங்கிவிட்டோம்" என்ற மனக்கஷ்டம் வராது.

பொது அறிவில் எங்கே உழைப்பது என்றால், பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டு வரலாறு – மரபு – பண்பாடு 20, அரசியல் 15. இந்த மூன்றே 55 கேள்வி. அறிவியல் ஐந்து, புவியியல் ஐந்து. அவற்றுக்கு மாதக்கணக்கில் செலவழிப்பது வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பள்ளிப் புத்தகங்கள் பிடிஎஃப் ஆக இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வ பயிலும் வட்டத்தில் வகுப்பும் இலவசம். பகல் வகுப்புக்குப் போக முடியாவிட்டாலும் மாதிரித் தேர்வு வைக்கும் நாட்களைக் கேட்டு வையுங்கள். ஏஐஎம் டிஎன் (AIM TN) என்ற அரசு யூடியூப் சேனலின் வகுப்புகளும் இருக்கின்றன. நாலு பதிப்பகத்தின் கைடு வாங்கி அடுக்க வேண்டியதில்லை.

வீட்டில் பேச வேண்டியது

"நான் படிக்கிறேன், தொந்தரவு பண்ணாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. "ஞாயிறு ஒரு மணி வரைக்கும் நான் வீட்டில் இல்லைன்னு நினைச்சுக்குங்க, ஒரு மணிக்கு மேல எந்த வேலைன்னாலும் சொல்லுங்க" என்று நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். சொன்னபடி ஒரு மணிக்கு எழுந்து போய் கேஸ் புக் பண்ணுவது, அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, எல்லாம் செய்யுங்கள். நாலு வாரம் இப்படி நடந்தால் வீடே அந்த நேரத்தைக் காக்கத் தொடங்கும். பெண்களுக்கு இது இன்னும் கடினம். கறி எடுத்து, அரைத்து, வருகிற விருந்தாளிக்கும் சேர்த்துச் சமைக்கும் நாள் ஞாயிறு. அந்தச் சமையலை மூன்று மணி நேரம் வேறு ஒருவர் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கணவரோ அண்ணனோ தம்பியோ, வீட்டில் கை கால் உள்ள ஆண்கள் இதைச் செய்யலாம். படித்து முடித்துவிட்டு நானே செய்துகொள்கிறேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தட்டச்சு

காலையில் ஒரு மணி நேரம் வெளியே போக முடிகிறவர்கள் தட்டச்சுப் பள்ளியில் சேர்ந்துவிடுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (முதுநிலை) முடித்தவர்களுக்குக் குரூப் 4இல் வரும் தட்டச்சர் பணியில் முன்னுரிமை; அந்தப் பட்டியலில் போட்டி போடுகிறவர்களும் குறைவு. லோயருக்கு (இளநிலை) நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. எழுத்துத் தேர்வுக்குக் கடைசி மூன்று மாதம் இருக்கும்போது தொடங்கினால் இரண்டும் கெடும், அதனால் அறிவிப்பு இல்லாத மாதங்களில் முடித்துவிடுங்கள்.

சான்றிதழ்கள்

தேர்வாணைய இணையதளத்தில் செய்யும் நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும்; காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும். திருமணமான பெண்கள் கணவர் பெயரில் வாங்கி வைத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். தமிழ்வழியில் படித்ததற்கான சான்று ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரைக்கும் தேவை. மூன்று பள்ளியில் படித்திருந்தால் மூன்று தலைமையாசிரியர்களிடமும் தனித்தனியாக, அறிவிப்பில் உள்ள படிவத்தில் வாங்க வேண்டும். ஊர்ப் பள்ளி ஓரிடம், நீங்கள் வேலை பார்ப்பது ஓரிடம் என்றால் இதற்கு இரண்டு நாள் விடுப்பு போய்விடும். 2025 அறிவிப்பு வந்தது ஏப்ரல் கடைசியில். மே மாதம் பள்ளிக்குப் போனால் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கமாட்டார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஜனவரியிலேயே போய் வாங்கிவிடுங்கள்.