ஆங்கிலத்தில் அணைப்பது எப்படி?

இலங்கை மலையகத்து அட்டனில் ஆங்கில வகுப்புக்குப் போகும் என் அக்கா மகளுக்கு 'ஹக்' ஒன்றுதான் தெரியும். எல்லோரையும் அதிலேயே அணைக்கிறாள். ஹக் நொடிப்பொழுது வேலை, யாருக்கும் கொடுக்கலாம். 'கடில்' ஆற அமரச் செய்வது, பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு. 'ஸ்னகிள்' கம்பளிக்குள் ஒண்டிக்கொள்வது. நுவரெலியாவின் ஜனவரிக் குளிரில் இதற்கு அகராதி எதற்கு? 'எம்பிரேஸ்' கோட்டுப் போட்ட சொல், கட்டுரைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

எனக்குப் பிடித்தது 'நஸில்'. மூக்கிலிருந்து பிறந்த சொல். மூக்கால் உரசிக் கொஞ்சுவது. மாலையில் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்து வாசலில், தேயிலைக் கொழுந்துக் கறை போகாத கையால் பிள்ளையை வாரி எடுத்து, கழுத்து மடிப்பில் முகம் புதைத்துச் சிரிக்கவைக்கிறாளே தாய், அதுதான்.

மருமகள் உடனே என் மீது செய்து பார்த்தாள். சளி பிடித்த மூக்கு!