ஈரக் கோணியும் நம்ம ஊர் புழுக்கமும்
ஈரான்ல இருக்கிற யஸ்த் நகரத்துக் காணொளியைப் பார்த்துட்டார் மச்சான். கூரை மேல காத்தைப் பிடிச்சு வீட்டுக்குள்ள இறக்குற காற்றுக் கோபுரம், கீழே தண்ணீர்த் தொட்டி, தடித்த மண்சுவர். கரண்டே இல்லாம வீடு ஜில்லுன்னு இருக்குமாம். அந்த ஊர் தௌலதாபாத் தோட்டத்துக் கோபுரம் மட்டும் சுமார் 33 மீட்டர்! "நாமும் செய்யலாம் லா"ன்னு மலேசியாவுல, நம்ம சுங்கை சிப்புட் வீட்டு ஜன்னல்ல ஈரக் கோணியைத் தொங்கவிட்டார்.

மூணாம் நாள் ஜாடியில உப்பு கசிஞ்சு கிடக்கு. அப்பளம் நமத்துப் போச்சு. அலமாரியில வேட்டி மேல பூஞ்சை. அக்கா பேசினதை இங்க எழுத முடியாது.

பாலைவனக் காத்து வறண்டது, தண்ணியை உறிஞ்சிக்கும். அது ஆவியாகும்போது சூடு இறங்கும். நம்ம காத்துக்கு ஏற்கெனவே வயிறு நிறைஞ்சிருக்கு. தடிச்ச சுவரும் அப்படித்தான். பகல் சூட்டை வாங்கி வச்சு, குளிர்ந்த பாலைவன ராத்திரியில விட்டுடும். நமக்கோ ராத்திரியும் 23, 24 டிகிரி. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுச் செங்கல் சுவரை இரவு 10 மணிக்குத் தொட்டுப் பாருங்க, இறக்கி வச்ச தோசைக்கல்!

பாட்டி இருந்த தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீடு) பலகைச் சுவர், தூண் மேல தரை, சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. சூடு மேல ஏறி அது வழியா வெளியே போயிடும். (மதியம் தகரக் கூரை நம்மை வேகவச்சதையும் மறக்கல.)

இப்போ மேற்குச் சுவருக்குப் பந்தல் போட்டு, பாகற்கொடி ஏத்தியிருக்கோம். கோணி வாசல்ல மிதியடியா கிடக்கு.