சிங்கப்பூர் காரில் ஹாட்யாய் வரை: இன்சூரன்ஸ் தாள்களுடன் ஒரு பயணம்

சிங்கப்பூர் காரில் மலேசியா வழியாகத் தாய்லாந்தின் ஹாட்யாய் வரை போய்வந்ததைச் சொன்னால், எல்லோரும் ஹோட்டலையும் சாப்பாட்டையும் பற்றித்தான் கேட்கிறார்கள். இன்சூரன்ஸ் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்கு நான் அதிகம் மெனக்கெட்டது அதற்குத்தான். அந்த மெனக்கெடல் வீண்போகவில்லை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

செப்டம்பர் பள்ளி விடுமுறை. நான், மனைவி, பிள்ளைகள், அப்புறம் திருச்சியிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த என் அண்ணன். சிங்கப்பூர் எல்லையான துவாஸிலிருந்து மலேசியாவின் வடக்கு எல்லையான புக்கிட் காயு ஹித்தாம் வரை 800 கிலோமீட்டருக்கு மேல். "நீ ஒருத்தனே ஓட்டினா இடுப்பு போயிடும்டா, பாதி நான் ஓட்டறேன்" என்றார் அண்ணன். ஊரில் ஆண்டுக்கணக்காக ஓட்டுபவர், கை நிதானம். அவர் ஓட்டுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தயக்கம் உண்டா என்பதுதான் கேள்வி.

பாலிசியோடு வரும் இன்சூரன்ஸ் சான்றிதழை எடுத்து உட்கார்ந்தேன். ஒரே ஒரு தாள். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. அதில் இரண்டு நாட்டுச் சட்டங்களின் பெயர்கள் இருக்கும்: சிங்கப்பூரின் மூன்றாம் தரப்பு இழப்பீட்டுச் சட்டம், மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். இந்த இரண்டாவது பெயர் இருப்பதால்தான் பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூர் போகும்போது நாம் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. தாய்லாந்துச் சட்டத்தின் பெயர் அதில் இல்லை. ஆனால் பாலிசிப் புத்தகத்தில் எந்தெந்த நிலப்பகுதிக்குக் காப்பு உண்டு என்று சொல்லும் இடத்தில் சிங்கப்பூர், மேற்கு மலேசியா, அதோடு தாய்லாந்து எல்லையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்று இருந்தது. சிங்கப்பூர் பாலிசிகளில் பரவலாக உள்ள வரி இது. ஹாட்யாய் இதற்குள் வந்துவிடும். கிராபியும் புக்கெட்டும் வெளியே. சொங்க்லா நகரம் ஏறக்குறைய விளிம்பில் நிற்கிறது, அதனால் கடற்கரைத் திட்டத்தைக் கைவிட்டோம். பிள்ளைகளுக்கு வருத்தம்தான்.

அதே சான்றிதழில் யார் ஓட்டலாம் என்றும் ஒரு பகுதி. உரிமையாளர், அவர் அனுமதியுடன் ஓட்டும் வேறு எவரும். ஆனால் உடனே ஒரு நிபந்தனை: ஓட்டுபவருக்கு அந்த வண்டியை ஓட்டச் சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும். இந்த ஒரு வரியில் பெரிய விஷயம் இருக்கிறது. வெளிநாட்டு உறவினர் ஒருவர் நம் காரை ஓட்டும்போது அவருடைய லைசென்ஸ் அந்த நாட்டில் செல்லாது என்றால், பிரச்சினை போலீஸ் அபராதத்தோடு நிற்காது. நம் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடலாம்.

நல்லவேளையாக, கிளம்பும் முன்பே அண்ணனிடம் ஐடிபி, அதாவது சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். இந்தியாவில் ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1000 ரூபாய் கட்டினால் கிடைக்கும். ஓராண்டு செல்லும். சொந்த ஊரிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். இங்கு வந்து இறங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை. சிங்கப்பூரில் குறுகியகாலப் பயணமாக வருபவர் தன் நாட்டு லைசென்ஸையும் ஐடிபியையும் வைத்து 12 மாதம் வரை ஓட்டலாம். ஆசியான் நாட்டு லைசென்ஸ் என்றால் ஐடிபி தேவையில்லை. இந்திய லைசென்ஸுக்குத் தேவை. ஐடிபி தனியாகச் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். அசல் லைசென்ஸ் அட்டையும் கூடவே கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தொலைபேசியில் கேட்டால் உடனே பதில் கிடைக்கும், ஆனால் நாளை தகராறு வந்தால் அந்தப் பேச்சைக் காட்ட முடியாது. மூன்று கேள்விகள் கேட்டேன். இந்திய லைசென்ஸ் உள்ள என் அண்ணன் மலேசியாவிலும் தாய்லாந்திலும் என் காரை ஓட்டலாமா? ஓட்டினால் எக்ஸஸ், அதாவது கிளெய்மில் நான் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, எவ்வளவு? ஹாட்யாயில் விபத்து என்றால் என் காரின் சேதத்துக்கும் காப்பு உண்டா? ஓட்டலாம் என்று பதில் வந்தது. ஆனால் பாலிசியில் பெயர் குறிப்பிடாத ஓட்டுநர் என்பதால், வழக்கமான எக்ஸஸோடு கூடுதலாக ஒரு தொகையும் என் கையிலிருந்து போகும். கார் சேதத்துக்கும் அந்த 80 கிலோமீட்டர் வரை காப்பு உண்டு. அந்த மின்னஞ்சலை அச்செடுத்து டாஷ்போர்டில் வைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் மட்டும் அண்ணன், எல்லையிலும் ஹாட்யாய் நகருக்குள்ளும் நான் என்று முடிவு.

மலேசியப் பகுதி சுலபம். விஇபி, அதாவது வெளிநாட்டு வண்டிகளுக்கான மலேசிய நுழைவு அனுமதிப் பட்டை ஏற்கெனவே காரில் ஒட்டியிருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு 300 ரிங்கிட் அபராதம். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது டேங்க் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். வழியில் பெட்ரோல் போட்டால் ரான் 97 என்ற ரகம் மட்டும்தான். மஞ்சள் குழாயில் வரும் ரான் 95 வெளிநாட்டு வண்டிகளுக்குக் கிடையாது. தாப்பாவிலிருந்து அண்ணன் ஓட்டினார், ஈப்போ தாண்டும்வரை நான் பின்சீட்டில் தூங்கினேன்.

எல்லைக்கு முன்னால் சாங்லூன் என்ற சிறு ஊர். சாலையோரம் வரிசையாகக் கடைகள், தாய்லாந்து இன்சூரன்ஸ் என்று எழுதிய பலகைகள். ஒரு கடையில் நிறுத்தினோம். கவுண்டரில் இருந்த அக்கா பாஸ்போர்ட்டுகளையும் வண்டியின் பதிவு விவரத் தாளையும் வாங்கிக்கொண்டு, டிஎம் 2, டிஎம் 3 என்ற இரண்டு குடிநுழைவுப் படிவங்களை மளமளவென்று தட்டச்சு செய்தார். முதலாவது வண்டிக்கும் ஓட்டுநருக்கும், இரண்டாவது பயணிகளுக்கு. வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றாலோ இன்னும் கடனில் இருந்தாலோ உரிமையாளரின் அல்லது கடன் கொடுத்த நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துக்கொள்வது நல்லது. வாடகைக் கார்க்காரர்களுக்கும் இதே கதைதான்.

பிறகு அவர் கேட்டார்: "கட்டாய இன்சூரன்ஸ் மட்டும் போதுமா, கூடுதலும் வேணுமா?" பலரும் கட்டாயம் போதும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். இந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும்.

கட்டாய இன்சூரன்ஸைத் தாய்லாந்தில் ப்போ ரோ போ என்பார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தாய்லாந்துச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் அது இருக்க வேண்டும், வெளிநாட்டு வண்டி உட்பட. அது மனித உடம்புக்கு மட்டும்தான் பணம் கொடுக்கும். தவறு யாருடையது என்று முடிவாகும் முன்பே மருத்துவச் செலவுக்கு 30,000 பாட் வரை. அடிபட்டவர் மீது தவறில்லை என்றால் 80,000 வரை. இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 500,000 பாட் வரை. இது உயர்ந்த தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாலையில் அடிபட்ட ஏழைக்கு ஆஸ்பத்திரிக் கதவு உடனே திறக்கிறதே, அதற்காக நான் இந்தச் சட்டத்தை மதிக்கிறேன். ஆனால் தகரத்துக்கு ஒரு பாட்கூடக் கிடைக்காது. நாம் இடித்த கடையின் ஷட்டர், மற்றவரின் கார், நம் கார் எதற்குமே இல்லை. மற்றவர் பொருளுக்கு வேண்டுமானால் தனியாக விருப்ப இன்சூரன்ஸ் வாங்க வேண்டும். இரண்டையும் வாங்கினேன். விலை அதிகமில்லை.

தாய்லாந்துப் பக்கத்து சடாவ் சோதனைச்சாவடியில் கூட்டம் இருந்தாலும் சிக்கல் இல்லை. 2025 மே முதல் வெளிநாட்டவர் எல்லோரும் தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையை, போவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதை வீட்டிலேயே செய்திருந்தோம். சுங்கத்துறையில் காரைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவருவதற்கான ஒரு தாள் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டைப் போலவே அதையும் காக்க வேண்டும், திரும்பும்போது ஒப்படைக்க வேண்டும்.

மறுநாள் காலை கிம் யோங் சந்தைப் பக்கம் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தோம். சந்திலிருந்து வந்த ஒரு ஸ்கூட்டர் இடப்பக்கப் பின்கதவில் உரசிச் சாய்ந்தது. ஓட்டிவந்த பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மனைவி தண்ணீர் பாட்டிலோடு இறங்கி அவன் கையைக் கழுவிவிட்டாள். இன்சூரன்ஸ் தாளில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். தாய்லாந்தில் இது ஒரு நல்ல வழக்கம்: கம்பெனியின் ஆய்வாளர் விபத்து நடந்த இடத்துக்கே வந்துவிடுவார்.

சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு இளைஞர் வந்தார். கழுத்தில் கேமரா, கையில் அட்டைப் பலகை. முதலில் அந்தப் பையனின் கையைப் பார்த்தார், பிறகுதான் வண்டிகளை. நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்தார். கதவில் இருந்த கீறலின் மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்து, ஸ்கூட்டரின் கைப்பிடி உயரத்தோடு ஒப்பிட்டார். சாலையையும் ஸ்கூட்டர் வந்த சிறு தெருவையும் தாளில் வரைந்து, இரண்டு வண்டிகளுக்கும் அம்புக்குறி போட்டார். கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் பேசிக்கொண்டோம். தவறு ஸ்கூட்டர் மீது என்று எழுதிக் கொடுத்தார். பையனும் மறுக்கவில்லை.

ஆனால் அவனிடம் இருந்ததும் ப்போ ரோ போ மட்டும்தான். அவனுடைய சிராய்ப்புக்கு அது உதவும், என் கதவுக்கு உதவாது. தவறு அவன் மீது என்றாலும் அவனிடம் நேரில்தான் கேட்க வேண்டும். அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் பையன் என்பது பார்த்தாலே தெரிந்தது. கேட்கவில்லை.

இனி கதவுக்கு என் சிங்கப்பூர் பாலிசிதான். விபத்து எவ்வளவு சிறியதானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நம் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் நடைமுறை. கிளெய்ம் செய்யப்போவதில்லை என்றாலும் தெரிவிக்கத்தான் வேண்டும். விட்டால் என்சிடி, அதாவது கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியில் கைவைக்கலாம். பிறகு எதிர்த்தரப்பு ஏதாவது கேட்டு வந்தால் கம்பெனி பொறுப்பேற்காமலும் போகலாம். அன்று மாலையே ஹோட்டலிலிருந்து படங்களையும் ஆய்வாளரின் தாளையும் அனுப்பிவிட்டேன்.

கிளெய்ம் செய்யலாமா என்று அண்ணனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எனக்கு 50 விழுக்காடு என்சிடி. ஒரு கிளெய்ம் என்றால் அது 20க்கு இறங்கும், மீண்டும் 50க்கு ஏற வருடங்கள் ஆகும். அதற்கு மேல் எக்ஸஸ் வேறு. கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் செலவு இவை எல்லாவற்றையும்விடக் குறைவு. தெரிவிக்க மட்டும் செய்கிறேன், கிளெய்ம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர்களும் ஒப்புக்கொண்டு பதில் அனுப்பினார்கள். ஊர் திரும்பியதும் பட்டறையில் என் செலவிலேயே கதவைச் சரிசெய்தேன்.