ஆட்டோகிளேவுக்கு ஒரு பொட்டு

இடி இடித்தது, ஆதிமனிதன் பயந்தான், காரணம் தெரியாமல் கும்பிட்டான், அதுதான் சாமி. எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டிய பாடம் இது. அப்பா கருப்புச் சட்டைக்காரர். குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை வேலை, லீவு நாளில் கட்சிக் கூட்டம். 'கடவுளைக் கற்பித்தவன் முட்டாள்' என்ற பெரியார் வாசகம் நான் எழுதப் படிக்கப் பழகும் முன்பே எனக்கு மனப்பாடம்.

1871இல் இங்கிலாந்தில் டைலர் என்ற மானுடவியலாளர் ஏறக்குறைய இதே கட்சியைப் பேசியிருக்கிறார், கொஞ்சம் நாசூக்காக. செத்துப்போன அப்பன் கனவில் வந்து பேசுகிறான்; அப்படியென்றால் உடம்பை விட்டுத் தனியாகத் திரிகிற ஒன்று இருக்கத்தானே வேண்டும்? அதிலிருந்து ஆவி, ஆவியிலிருந்து தெய்வம். அவர் கணக்கில் ஆதிமனிதன் ஒழுங்காகத்தான் யோசித்தான், விவரம் பத்தவில்லை. முட்டாள் என்று திட்டாததாலேயே எனக்கு அவரைப் பிடித்தது.

ஆனால் நான் வேலை பார்த்தது ஒரு ஆய்வகத்தில். கிருமி வளர்ப்பது, கிருமி கொல்வது, இரண்டும் அங்கே அன்றாடம். எங்கள் ஆட்டோகிளேவ், அதாவது கிருமி கொல்லும் பெரிய பிரஷர் குக்கர், 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி நீராவியில் எதையும் சாகடிக்கும். எல்லாம் செத்ததா என்று பார்க்க, சுலபத்தில் சாகாத ஸ்போர் (கிருமி உறங்கும் கெட்டி வித்து) தடவிய பட்டை ஒன்றை உள்ளே வைத்து எடுத்து, அப்புறம் அதை வளர்த்துப் பார்ப்போம். நம்பிக்கைக்கு அங்கே இடமே கிடையாது. அப்பேர்ப்பட்ட ஆட்டோகிளேவின் மூடியில் ஆயுத பூஜை அன்று சந்தனம், நடுவில் குங்குமம், கைப்பிடியில் செவ்வந்திச் சரம். பொரியும் சுண்டலும் மட்டும் வராண்டாவோடு சரி, உள்ளே கொண்டுபோனால் மேடம் தொலைத்துவிடுவார். அந்த மேடம் நுண்ணுயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். சூடம் காட்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நிற்பார். ஸ்போர் எந்த வெப்பத்தில் எத்தனை நிமிஷத்தில் சாகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். இவருக்கு என்ன அறியாமை?

விஷயம் வேறு. எல்லாம் சரியாகச் செய்தும் சில நாள் கல்ச்சர், அதாவது வளர்த்துவைத்த கிருமி, கெட்டுப்போகும். பல வார உழைப்பை அப்படியே அவித்துக் கொட்ட வேண்டியதுதான். கெட்டதற்குக் காரணம் ஆயிரம் சொல்லலாம். நாளைக்குக் கெடுமா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

கோத்தகிரிப் பக்கம் பாறையில் தேன் எடுக்கும் ஆலுக் குறும்பப் பழங்குடிகளிடமும் இதைப் பார்த்தேன். தேனீ எந்த மாதம் வரும், எந்தப் பூவுக்கு வரும், எந்தத் தழையின் புகைக்கு விலகும் என்பதில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. காட்டுக்கொடியில் ஏணி திரித்துச் செங்குத்தான பாறையில் இறங்குவார்கள். மேலே கயிற்றைக் காப்பது மனைவியின் அண்ணனோ தம்பியோ. தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? இத்தனை முன்யோசனை உள்ள ஆள்தான் இறங்கும் முன் விரதம் இருக்கிறார், சாமி கும்பிடுகிறார். முதல் உலகப் போர்க் காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் நியூகினி பக்கத்து டிரோபிரியாண்ட் தீவுகளில் கண்டதும் இதுதான்: ஆபத்தில்லாத காயலில் மீன் பிடிக்க மந்திரம் கிடையாது, திறந்த கடலுக்குப் போனால் மந்திரத்துக்கு மேல் மந்திரம். இரண்டு இடத்திலும் ஆட்கள் அதே ஆட்கள், அறிவும் அதே அறிவு.

அதற்காக அப்பாவை முழுசாகத் தள்ளிவிடவும் மாட்டேன். குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கியது, வெறிநாய்க்கடிக்கு ஊசி போடவென்றே. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று ஊரே நடுங்கிய காலம் உண்டு. ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கடிவாயில் மிளகாய் அரைத்துப் பூசி, மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வீட்டில் படுத்தவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகத் தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அங்கே அறியாமை என்ற சொல்லே போதாது. கயிறு மந்திரித்துக் காசு வாங்கியவனை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

பெரியம்மை கதை இன்னும் வேடிக்கை. இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல். உலகத்திலேயே ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள். அறியாமை போனால் சாமியும் போகும் என்றால், அன்றைக்கே எங்கள் குன்னூர் தந்தி மாரியம்மன் கடையைக் கட்டியிருக்க வேண்டும். அம்மை போச்சு, அம்மன் போகவில்லை. சித்திரையில் தேர் வரும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. இப்போது அவளிடம் கேட்பது வேலை, விசா, பிள்ளை வரம், பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை. விலை ஏன் விழுகிறது என்பது சிறு விவசாயிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து அவர் என்ன செய்ய?

அப்பா இருந்திருந்தால், "அப்ப பயம்தானே காரணம்? நான் சொன்னதும் அதேதானே!" என்று மடக்கியிருப்பார். பாதி ஒத்துக்கொள்வேன். பயம் சரி, அறியாமை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நான் இன்றைக்கும் கோயிலுக்குள் போவதில்லை. பேத்திக்குச் சின்னம்மை ஊசி போட்டாச்சா என்று மருமகளை நச்சரிப்பேன், அப்புறம் தேர் பார்க்கப் போய் வாசலில் நீர்மோர் வாங்கிக் குடிப்பேன். மேடமும் ரிட்டயர் ஆகிவிட்டார், போன தடவை வரிசையில் எனக்கு முன்னால் நின்றார், டம்ளரைக் கழுவினீர்களா என்று கேட்டபடி.