வண்டி ரெடி, காகிதம் ரெடியா?

மேல் முஸ்தாங் போகப் போகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "என்ன வண்டி?" என்பதுதான். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் என்றால் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பெட்டி மாட்டியாச்சா, ஃபாக் லைட் போட்டாச்சா, சைலன்சர் மாத்தலையா என்று அடுத்தடுத்துப் போகிறார்கள். பெர்மிட் என்ன ஆச்சு, மூச்சு வாங்கினால் என்ன செய்வீர்கள் என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சில மாதமாக இந்த ஏற்பாட்டிலேயே குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் ஆகச் சுலபமான வேலை வண்டிதான்.

இடம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். நேபாளத்தின் வடக்கு ஓரத்தில், அன்னபூர்ணா, தௌலாகிரி இரண்டுக்கும் பின்பக்கம், திபெத்தை ஒட்டிக் கிடக்கும் வறண்ட மேட்டுநிலம் இது. மழை மேகத்தை இந்த இரண்டு எட்டாயிரம் மீட்டர் மலைகளும் முன்னாலேயே நிறுத்திவிடுவதால், அந்தப் பக்கம் மரம் என்று பார்ப்பதே அபூர்வம். செம்மண் நிறமும் சாம்பல் நிறமுமாக அரிக்கப்பட்ட செங்குத்துப் பாறைகள், நடுவில் எங்காவது ஓடைத் தண்ணீரில் விளையும் பார்லி, அங்கே ஒரு கிராமம், அவ்வளவுதான். லோ என்ற பெயரில் பதினான்காம் நூற்றாண்டிலிருந்து தனி ராஜ்ஜியமாக இருந்த பகுதி. சம்பிரதாயத்துக்காவது ஒரு ராஜா 2008 வரை இருந்தார். 1960-களில் சீனாவுக்கு எதிராகச் சண்டை போட்ட திபெத்தியக் கம்பா போராளிகள் இங்கிருந்துதான் இயங்கினார்கள், 1974-இல் நேபாள ராணுவம் அவர்களுடைய ஆயுதங்களைக் களைந்தது. வெளிநாட்டவரை உள்ளே விட்டதே 1992-இல்தான், அதுவும் கட்டுப்பாடுகளோடு. மதில் சூழ்ந்த பழைய தலைநகரம் லோ மந்தாங், அதற்கும் மேலே போனால் கோரலா கணவாய், அதற்கப்பால் சீனா.

எனக்கு இந்த ஆசை வந்தது பைக் வீடியோ பார்த்தெல்லாம் இல்லை. முன்பு அம்மாவையும் அப்பாவையும் முக்திநாத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். நூற்றெட்டு திவ்யதேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்பதால் தமிழ்நாட்டிலிருந்து போகிற கூட்டத்துக்குக் குறைவே இல்லை, பொக்காராவில் தயிர்சாதம்கூடக் கிடைத்தது. கீழே காக்பேனியில் ஜீப் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். ஊரின் ஓரத்தில் ஒரு பலகை, இதற்கு மேல் பெர்மிட் இல்லாமல் போகக் கூடாது என்று. அதற்குப் பின்னால் காளி கண்டகி ஆற்றுப்படுகை அகலமாக வடக்கே போய்க்கொண்டே இருந்தது. அன்றைக்கு மனசில் விழுந்ததுதான்.

சரி, காகிதத்துக்கு வருவோம். இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும், ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நாங்கள் பாஸ்போர்ட்டே எடுத்துப் போகிறோம், காரணம் பெர்மிட்டுக்கு முகவர் கேட்டது அதைத்தான். வண்டிக்கு எல்லையில் 'பன்சார்' போட வேண்டும், அதாவது சுங்க அனுமதி. எத்தனை நாள் என்று சொல்லி அத்தனை நாளுக்கும் நேபாள ரூபாயில் கட்டிவிட்டு, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து வெளியே வரும்போது காட்ட வேண்டும். திட்டமிட்டதைவிடச் சில நாள் கூடுதலாகவே போட்டுவிடுங்கள். மேலே ஒரு மண்சரிவில் மாட்டிக்கொண்டால் சீட்டின் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது, பிந்தினால் அபராதம். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் கையில் அசலாக இருக்க வேண்டும், போனில் காட்டுகிற வேலை எல்லைக்கு இந்தப் பக்கத்தோடு சரி. என் நண்பனுடைய வண்டி அவன் அப்பா பெயரில் இருக்கிறது. அதனால் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு அனுமதிக் கடிதம். எழுதிக் கேட்டபோது அவர், "ஏண்டா, என் வண்டியை நானே வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யணுமா?" என்றாராம். கையெழுத்து வாங்க ஒரு வாரம் ஆனது.

இன்சூரன்ஸ் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. நம் ஊர் வண்டி பாலிசி சாதாரணமாக இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகியவற்றுக்கு அதை நீட்டிக்க ஒரு வசதி உண்டு, கேட்டு எழுதி வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூடுதல் கட்டணம் சொற்பம்தான், ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கே அது தெரியவில்லை. "நேபாளம்தானே சார், பக்கம்தானே, எல்லாம் கவர் ஆகும்" என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன், உடனே மேனேஜரைக் கூப்பிட்டார். ஆளுக்கான பயணக் காப்பீடு தனி. அதில் எத்தனை மீட்டர் உயரம் வரை, மோட்டார் சைக்கிள் ஓட்டினால் செல்லுமா, ஹெலிகாப்டரில் இறக்கினால் யார் பணம் கட்டுவது, இந்த மூன்றையும் சின்ன எழுத்தில் தேடிப் படியுங்கள். மற்றதெல்லாம் அலங்காரம்.

அப்புறம் பெர்மிட். காக்பேனிக்கு மேலே தடைசெய்யப்பட்ட பகுதி என்பதால் தனியாக நாமே போய் வாங்க முடியாது, பதிவு பெற்ற முகவர் மூலம்தான், கூடவே வழிகாட்டியும் வர வேண்டும். நீண்ட காலமாக ஆளுக்கு முதல் 10 நாளுக்கு 500 டாலர் என்பதே கணக்காக இருந்தது, விதிகள் மாறுவதால் போகிற சமயத்தில் முகவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இதில் இந்தியர் என்ற சலுகை கிடையாது, அந்தப் பலகைக்கு மேலே நாமும் வெள்ளைக்காரனும் ஒன்றுதான். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான நுழைவுச் சீட்டில் மட்டும் சார்க் நாட்டவருக்குக் குறைந்த கட்டணம். பைக்கில் போகிறவர்களுக்கு வழிகாட்டி எப்படி வருவார் என்று எனக்கும் குழப்பம் இருந்தது. பொக்காரா முகவர் சிரித்துவிட்டு, "அவர் தன் பைக்கில் வருவார், உங்களைவிட வேகமாக ஓட்டுவார்" என்றார். பெட்ரோல், சாப்பாடு, படுக்கை எல்லாம் நம் செலவு. செலவுப் பட்டியலில் பெரிய தொகை இதுதான், ஒரு நல்ல ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வாங்கியதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை.

பணம் எளிது. நம் ஒரு ரூபாய் அவர்களுக்கு 1.60. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை 2018 டிசம்பரில் அங்கே தடை செய்தார்கள், அந்த விதியின் இன்றைய நிலை எதுவாக இருந்தாலும் நான் நூறு ரூபாய்க் கட்டாகவே எடுத்துப் போகிறேன். பொக்காரா வரை பல கடைகளில் க்யூ.ஆர். கோடில் யு.பி.ஐ. வேலை செய்கிறது. அதற்கு மேலே ரொக்கம்தான்.

இனி வண்டி. ஹிமாலயனில் ஸ்போக் சக்கரம், டியூப் டயர். முன்னால் 21 இன்ச், பின்னால் 17, ஆகவே இரண்டு அளவிலும் ஒரு டியூப். சென்னை ஜி.பி. ரோட்டில் அலைந்து கிளட்ச் கேபிள், கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ஸ்பார்க் பிளக், செயின் லிங்க் வாங்கினோம். மெக்கானிக் அண்ணன் ஒரு நல்ல யோசனை சொன்னார். புது கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காமல், பழைய கேபிளுக்குப் பக்கத்திலேயே ஓடவிட்டுக் கட்டிவிட்டார். "அறுந்தா ரெண்டு முனையையும் மாத்தி மாட்டு தம்பி, குளிர்ல டேங்கைக் கழட்டிட்டு நிக்காதே." டயரைக் கழற்றி டியூப் மாற்றுவதை அவர் கடையிலேயே, அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க, நாங்களே செய்து பழகினோம். பின் டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிப்பதுதான் உயிரை வாங்கும். கடைசியில் நண்பன் வண்டியின் சைடு ஸ்டாண்டை டயர் மேல் வைத்து அழுத்தினோம், வந்தது.

பெட்ரோலுக்காகப் பெரிய வாக்குவாதம். நண்பனுக்கு இரண்டு பக்கமும் ஐந்து லிட்டர் கேன் தொங்கியே ஆக வேண்டும். பார்க்க அட்டகாசமாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காக்பேனிக்குக் கீழே இருக்கிற ஜோம்சோம் ஊரில் நிரப்பினால் லோ மந்தாங் போய், கோரலா பார்த்துத் திரும்பி ஜோம்சோம் வர மொத்தம் 300 கிலோமீட்டருக்குள்தான். என் டேங்க் 15 லிட்டர். கரடுமுரடில் லிட்டருக்கு 25 கொடுத்தால்கூட 375. மேலே கிராமங்களில் விலை கூடுதலாக இருந்தாலும் கேனில் விற்கிறார்கள். பிறகு எதற்கு அந்தப் பாரம்? இன்னொன்று, சுமார் 3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடும். வண்டியில் இன்ஜெக்‌ஷன் இருப்பதால் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாகச் சரியாகிக்கொள்ளும், ஆனால் இருக்கிற காற்றுக்குத்தான் சக்தி. ஏற்றத்தில் இழுக்காத வண்டியில் ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

வண்டியின் பக்கவாட்டில் மாட்டுகிற இரும்புப் பெட்டி வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் காற்று. காளி கண்டகிப் பள்ளத்தாக்கு இரண்டு பெரிய மலைகளுக்கு நடுவே ஓடுகிறது. வெயில் ஏற ஏற வடக்கே மேட்டுநிலம் சூடாகி, தெற்கேயிருந்து காற்றை அந்தச் சந்து வழியாக உறிஞ்சுகிறது. காலை பத்து, பதினொன்றுக்குத் தொடங்கினால் சாயங்காலம் வரை மணலை வாரி அடிக்கும். ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும் பறப்பது இதனால்தான். மேலே போகும்போது முதுகுப் பக்கம் தள்ளும், திரும்பும்போது நேராக முகத்தில். அகலமான பெட்டிகளோடு ஆற்றங்கரைப் பாதையில் பக்கக் காற்று வாங்குவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஓரமாக இறுக்கிக் கட்டுகிற துணிப்பை போதும். ஓடைகளும் அப்படியே, மேலே பனி உருக உருக மதியத்துக்குப் பிறகு தண்ணீர் ஏறும். ஆக, விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் வண்டியை நிறுத்திவிடுவது என்பதே எங்கள் திட்டம். காலை ஒன்பதுக்கு முன் எழுந்திருக்காத நண்பனுக்கு இது பெர்மிட்டைவிடப் பெரிய அதிர்ச்சி.

உடம்பைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. நடந்து போகிறவனை மலையே நிதானப்படுத்திவிடும். பைக் அப்படி இல்லை, காலையில் பொக்காராவில் 800 மீட்டரில் இருந்தவனை சாயங்காலம் முக்திநாத்தில் 3,700-க்கு மேலே கொண்டுபோய்ப் போட்டுவிடும். அதனால் ஜோம்சோமுக்குக் கீழே மார்ஃபாவில் ஓர் இரவு, காக்பேனியில் இரண்டு இரவு, நடுவில் பகலில் முக்திநாத் ஏறிச் சேவித்துவிட்டுக் கீழே வந்து தூங்குவது. 3,000-க்கு மேலே ஓர் இரவிலிருந்து அடுத்த இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறாமல் ஊர்களை வரிசைப்படுத்தியிருக்கிறேன். மார்ஃபா ஆப்பிள் பிராந்தி பேர்போனது, அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். உடம்பு உயரத்துக்குப் பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை டாக்டரிடம் கேட்டே வாங்கினோம், சல்ஃபா அலர்ஜி உண்டா என்று முதலில் அதைத்தான் கேட்டார். விரல் நுனியெல்லாம் மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்படாதீர்கள் என்றார். ஆனால் தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மாத்திரையைத் தேடாமல் வண்டியைக் கீழே திருப்புங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

காலம், நேபாளத்தின் தசைன் பண்டிகைக் கூட்டம் வடிந்த பிறகு அக்டோபர். பண்டிகை விடுமுறையில் நேபாளத்துப் பையன்கள் மொத்தமும் பைக்கில் முஸ்தாங் ஏறுகிறார்கள், அறை கிடைக்காது. பருவமழையும் முடிந்து பொக்காராவிலிருந்து ஏறும் வழியில் வரும் பேனி ஊருக்கு மேலே சாலை கொஞ்சம் ஆறியிருக்கும். சென்னையில் மழை பிடிக்கிற நேரத்தில் நாங்கள் மழையே எட்டாத இடத்துக்குப் போகிறோம், அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

இனி மீதி வேலைகள். வண்டிகளை கோரக்பூருக்கு ரயில் பார்சலில் போட வேண்டும். டேங்க்கைக் காலி செய்து, கண்ணாடியைக் கழற்றி, சாக்கு சுற்றித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து சுனௌலி எல்லை நூறு கிலோமீட்டர் பக்கம். அந்தப் பக்கம் பைரஹவாவில் சிம் கார்டு, மலைக்கு நேபாள் டெலிகாம்தான் நல்லது என்கிறார் வழிகாட்டி. டிரோன் வேண்டாம் என்று நண்பனிடம் சொல்லியாகிவிட்டது, அதற்குத் தனி அனுமதி வாங்கும் தெம்பு என்னிடம் இல்லை. அம்மா முக்திநாத் தீர்த்தத்துக்கு ஒரு எவர்சில்வர் குப்பி கொடுத்திருக்கிறார். இரண்டு லிட்டர் பிடிக்கும். சின்னதாக ஒன்று தேட வேண்டும்.